உடல் மெலிய ஊசி: யாருக்கு, எதற்கு?

“உடல் எடையைக் குறைக்கும் மருந்து உமக்கு உகந்ததா? உமது வைத்தியரைக் கேளும்.” அமெரிக்க ஐக்கிய நாட்டின் தொலைக்காட்சிப் பெட்டிகள் நாள்தோறும் எழுப்பும் கேள்வி இது. வைத்தியர் எழுதிக்கொடுத்தாலன்றி விற்கலாகாத மருந்தைப் பொதுமக்களுக்கு நேராக விளம்பரஞ் செய்ய இடங்கொடுக்கும் நாடுகள் உலகில் மிகச் சிலவே. அமெரிக்காவும் நியூசிலாந்தும் அவற்றுள் அடங்கும். ஆனால் அங்கே எழுந்த குரல் அங்கேயே நின்றுவிடுவதில்லை. கைத்தொலைபேசி வழியாக அது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கேட்கின்றது. கலியாணத்துக்கு நாள் குறித்த பெண்ணும், சலரோகத்தால் காற்புண் ஆறாது கிடக்கும் கிழவரும் ஒரே ஊசியின் பெயரை இன்று உச்சரிக்கின்றனர். இருவரிடத்தும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: உமக்கு உகந்ததா?

கேள்வி நேர்மையானதுபோலத் தோன்றுகின்றது. ஆனால் “உமக்கு” என்ற சொல்லினுள்ளே ஒரு சூழ்ச்சி இருக்கின்றது. மருந்தின் விலையை யார் வைத்தார்கள், அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, இவ்வுடல் இவ்வாறு பருத்ததற்குக் காரணம் என்ன என்பனவெல்லாம் அந்த ஒரு சொல்லால் மறைக்கப்படுகின்றன. சமுதாயத்தின் கேள்வி தனிமனிதனின் கேள்வியாகச் சுருக்கப்படுகின்றது. எனினும் இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்கப் போவதில்லை. நோயுற்றவனுக்கு இன்றே விடை வேண்டும். சமுதாயம் மாறும்வரை அவன் காத்திருக்க இயலாது. ஆயின் விடை கூறுமுன், அதனைச் சூழ்ந்து நிற்கும் மூன்று பொய்களை அகற்ற வேண்டியிருக்கின்றது. ஒன்று ஒழுக்கவாதியின் பொய். மற்றையது எம்மவர் சிலரின் பொய். மூன்றாவது வணிகரின் பொய்.

ஒழுக்கவாதி சொல்கிறார்: “வாயைக் கட்டினால் வயிறு தானே ஒடுங்கும். மன உறுதி இல்லாதவனுக்குத்தான் ஊசி வேண்டும்.” கேட்பதற்கு நல்ல உபதேசம், ஆனால் அறிவியலுக்கு ஒவ்வாத உபதேசம். உடம்பை ஒரு தராசாக இவர்கள் எண்ணுகின்றனர். உடம்பு தராசு அன்று. தன் எடையைக் காத்துக்கொள்வதற்குப் போராடும் உயிர்ப்பொருள். எடை குறைந்தவுடன் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகின்றது. நிறைவை உணர்த்தும் சுரப்புகள் குறைகின்றன. உடல் செலவிடும் சக்தியும் சுருங்குகின்றது. பஞ்சத்தையும் பட்டினியையும் கடந்து வந்த மனித இனத்தின் உடம்பு இது. இழந்ததை மீட்கத் துடிப்பது அதன் இயல்பு.

உணவு உண்டதும் எமது குடலிலுள்ள சில உயிரணுக்கள் ஜீ.எல்.பி.-1 எனப்படும் ஒரு சுரப்பை வெளியிடுகின்றன. இரத்தத்தில் சீனி மிகும்போது இன்சுலினைச் சுரக்கச் செய்வதும், இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவதும், “போதும்” என்ற உணர்வை மூளைக்கு எட்டவைப்பதும் அதன் வேலைகள். இயற்கையான சுரப்பு இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துபோகும். அதனை ஒத்ததாய், வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினாற் போதுமானதாய் ஆக்கப்பட்டதே செமக்ளுடைட் என்னும் மருந்து. 2017இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கென அனுமதி பெற்ற ஒசெம்பிக்கும், 2021இல் உடல் எடைக்கென அனுமதி பெற்ற வெகோவியும் பெயரால் இரண்டு, பொருளால் ஒன்று.

2021இல் வெளியான ஆய்வொன்றில் 1,961 பேர் பங்குகொண்டனர். ஒரு சாராருக்குச் செமக்ளுடைட் ஊசி; மறு சாராருக்கு மருந்தில்லாத ஊசி. உணவு பற்றிய ஆலோசனையும் உடற்பயிற்சி பற்றிய ஆலோசனையும் இரு சாராருக்கும் ஒன்றே. 68 வாரங்களின் பின்னர் மருந்து பெற்றோர் சராசரியாகத் தமது எடையில் 14.9 வீதத்தை இழந்தனர், மற்றையோர் 2.4 வீதத்தை. பின்பு மருந்தை நிறுத்தி, அவர்களுட் சிலரை மேலும் ஓராண்டு கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஒழுக்கவாதியிடம் நாம் கேட்கிறோம்: ஊசி ஏற்றிய வாரத்தில் இவர்களுக்கு ஒழுக்கம் பிறந்ததா? ஊசி நின்ற வாரத்தில் அது இறந்ததா? காசநோயையும் ஒருகாலத்தில் ஒழுக்கக்கேடென்றே எம் ஊரார் கூறினர். நோய்க்கு மருந்து கிடைத்த பின்னரும் நோயாளியை ஏசுவது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

இந்த ஏச்சு எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதுமில்லை. கலியாணச் சந்தையில் நிறுத்தப்படும் பெண்ணின் உடலே முதலில் நிறுக்கப்படுகின்றது. நிறம் ஒரு பக்கம், பருமன் ஒரு பக்கம், இரண்டையும் ஈடுசெய்யச் சீதனம் ஒரு பக்கம். நோய் எதுவுமில்லாத இளம்பெண் “கொஞ்சம் மெலிந்தால் நல்லது” என்ற தரகரின் சொல்லுக்காக வயிற்றில் ஊசியேற்றிக்கொள்வாளாயின், அங்கே மருந்து தேவைப்படுவது அவளுக்கன்று. அவளை நிறுத்துப் பார்த்த சமுதாயத்துக்கே.

இனி எம்மவரிடம் வருவோம். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நண்பர்கள் சிலர், “கோடிக்கணக்கானோர் பட்டினியால் வாடும் உலகில் கொழுத்தவன் மெலிவதற்கு மருந்தா? இது முதலாளி வர்க்கத்தின் நோய்” என்கின்றனர். உணர்ச்சி நியாயமானது, ஆனால் உண்மை வேறு. உலக மக்களில் எட்டில் ஒருவர் 2022இல் மிகைப்பருமன் உடையவராய் இருந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள்! நூறு கோடி முதலாளிகள் எந்த உலகில் இருக்கின்றனர்? செல்வந்த நாடுகளிலே இன்று இந்நோய் ஏழையின் தெருவிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது. மலிவான உணவு மாவும் சீனியும் எண்ணெயுமே. நேரமும் பணமும் உள்ளவனுக்கே மரக்கறியும் மீனும் நடைப்பயிற்சியும் கிட்டுகின்றன.

எமது நாட்டைப் பாருங்கள். காலையில் பாண், மதியம் ஒரு கோப்பைச் சோற்றுக்கு ஒரு கறி, இடையிடையே சீனி கலந்த தேநீர் என வாழும் தொழிலாளியின் வயிறு நிறைகின்றது. உடல் ஊட்டம் பெறுவதில்லை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற ஆய்வு, வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென்றும், நீரிழிவும் அதன் முன்நிலையும் சேர்த்து எண்ணினால் ஐவரில் ஒருவர் அகப்படுவர் என்றும் காட்டியது. தென்னாசியரின் உடல் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு இரையாகின்றது என்பதும் அறியப்பட்ட உண்மை. ஆகவே அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக் நாளன்று விடியற்காலையில் வரிசையில் நிற்கும் மக்களைப் பார்த்துவிட்டு, இது கொழுத்தவர் நோய் என்று கூற எம் நண்பர்களுக்கு நா எழாது என நம்புகிறோம்.

மூன்றாவது பொய் வணிகருடையது. அது மிக நயமாகச் சொல்லப்படும் பொய். ஆதலால் மிக ஆபத்தானது. “பழைய மருந்துகள் பழுதானவை, இது புதியது, பழுதற்றது” என்பதே அது. ஒவ்வொரு தலைமுறையிலும் இதே வாக்கியம் சொல்லப்பட்டிருக்கின்றது என்பதை வரலாறு காட்டும்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைத்ரோபீனோல் என்னும் இரசாயனத்தோடு வேலைசெய்த தொழிலாளர் மெலிந்தனர். உடல் கொதித்துச் சிலர் மாண்டனர். தொழிலாளியின் சாவிலிருந்து வணிகர் கற்ற பாடம் யாது? அது மெலியச் செய்யும் என்பதே! 1933இல் அமெரிக்காவில் அப்பொருள் மெலிவு மருந்தாகப் புகுத்தப்பட்டது. கண்ணிற் புரை விழுந்தவர்களும் இறந்தவர்களும் பெருகிய பின்னர், 1938ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி அது விலக்கப்பட்டது. அதன்பின் அம்பெற்றமீன் குளிகைகள் வந்தன. வண்ண வண்ணமாக விற்கப்பட்டன. பலரைப் போதைக்கு அடிமையாக்கின. 1965இல் சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் விற்கப்பட்ட அமினோறெக்ஸ், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தத்தைப் பெருக்கி உயிர் குடித்தது. 1968இல் மீளப் பெறப்பட்டது.

1990களில் பென்புளூரமின், பென்ரர்மின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்து உண்ணும் வழக்கம் அமெரிக்காவில் காட்டுத்தீபோற் பரவியது. 1996ஆம் ஆண்டில் மாத்திரம் 1 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. மறு ஆண்டு யூலையில், அவற்றை உண்ட 24 பெண்களின் இருதய வால்வுகள் பழுதுற்றிருந்ததை வைத்தியர்கள் வெளியிட்டனர். செப்டெம்பரில் பென்புளூரமின் சந்தையிலிருந்து நீங்கியது. பிரான்சிலே பென்புளூரொக்ஸ் என்னும் மருந்து 1976 முதல் 2009 வரை நீரிழிவின் பெயரால் விற்கப்பட்டு, மெலிவதற்கெனப் பரவலாக உண்ணப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இறென் பிறஷோன் என்னும் பெண் வைத்தியர் ஒருவர் விடாது போராடியதன் பயனாகவே உண்மை வெளிப்பட்டது; 2021இல் பரிஸ் நீதிமன்றம் அம்மருந்தை விற்ற கம்பனியைக் குற்றவாளி எனத் தீர்த்தது. 2010இல் சிபியூற்றமினும், 2020இல் லோர்கசெரினும் சந்தையை விட்டு அகன்றன.

இவ்வரலாற்றைக் கூறுவதால், புதிய ஊசியும் அவ்வாறே நஞ்சென்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. அவ்வாறு கூறுவது பொய்க்கு எதிராக இன்னொரு பொய்யை நிறுத்துவதாகும். இம்மருந்துக்கு முன்னையவற்றுக்கு இல்லாத சான்றுகள் உள்ளன. 2023இல் வெளியான ஆய்வில், இருதய நோயும் மிகை எடையும் உள்ள, நீரிழிவு இல்லாத 17,604 பேர் சராசரியாக மூன்றாண்டுக்கு மேல் கவனிக்கப்பட்டனர். இருதய நோயால் நேரும் மரணமும் மாரடைப்பும் பக்கவாதமும் மருந்து பெற்றோரிடத்து 20 வீதம் குறைந்திருந்தன. முன்னைய மெலிவு மருந்துகள் இருதயத்தைப் பழுதாக்கின, இது காத்தது. இதனை மறுப்பவன் விஞ்ஞானத்தின் எதிரி. ஆனால் மூன்றாண்டு அறிந்ததை முப்பதாண்டு அறிந்ததாகக் காட்டி விற்பவன் மக்களின் எதிரி.

வணிகரின் பொய்க்கு இன்னொரு முகமும் உண்டு. “இம்மருந்தைக் கண்டுபிடித்தவர் நாம், எனவே விலை எமது விருப்பம்” என்பது அது. உண்மை யாது? குடற்சுரப்பின் இயல்பை அறிந்தவர்கள் பல்கலைக்கழகங்களிலும் பொது வைத்தியசாலைகளிலும் பணியாற்றிய ஆய்வாளர்கள். பொஸ்ரனில் ஜோயெல் ஹபெனர், டானியேல் டிறக்கர், கொப்பன்ஹேகனில் ஜென்ஸ் ஹோல்ஸ்ற் ஆகியோரின் உழைப்பு இதில் உண்டு. யூகோசுலாவியாவில் பிறந்து அமெரிக்கா சென்ற ஸ்வெற்லானா மொய்சோவ் என்னும் பெண் இரசாயனவியலாளர் உழைத்த உழைப்பு பல்லாண்டு காலம் மறக்கப்பட்டிருந்தது. தமது பெயரைக் காப்புரிமைப் பத்திரங்களிற் சேர்ப்பதற்கே அவர் போராட வேண்டியிருந்தது. 2024இல்தான் ஹபெனருடனும், கம்பனியின் ஆய்வாளரான லொட்டே நுட்சனுடனும் அவருக்கு லாஸ்கர் விருது கிட்டியது. கம்பனியின் ஆய்வாளர் பங்கை நாம் குறைக்கவில்லை, அதுவும் உழைப்பே. உழைத்தவர் பலர், உரிமை கொண்டாடுபவர் பங்குதாரர் என்பதையே சுட்டுகிறோம்.

ஊசியை ஆக்கும் டென்மார்க்குக் கம்பனியின் பிறப்பு வரலாறே இதற்குச் சாட்சி. 1922இல் டென்மார்க்கின் உடலியலறிஞர் ஓகுஸ்ற் குறோ, தம் மனைவிக்கு நீரிழிவு இருந்தமையால், இன்சுலின் பிறந்த தொறொன்ரோ நகருக்குச் சென்றார். அதனை ஆக்கும் அனுமதியோடு திரும்பினார். அதிலிருந்தே அடுத்த ஆண்டு அக்கம்பனியின் மூல நிறுவனம் தோன்றியது. இன்சுலினைக் கண்டவர்களோ 1923இல் தமது காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அந்த ஒரு டொலர்ப் பெருந்தன்மையில் முளைத்த விருட்சம், 2021இல் வெகோவியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியபோது மாதமொன்றுக்கு 1,300 டொலருக்கு மேல் விலை குறித்தது! ஒரு மாதத்துக்கான ஒசெம்பிக்கை 5 டொலருக்குக் குறைவான செலவில், இலாபமும் சேர்த்து, ஆக்கலாம் என 2024இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டுக் காட்டியது. 2023இல் அக்கம்பனியின் சந்தை மதிப்பு டென்மார்க்கு நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியையும் விஞ்சியது. போட்டியும் அரசியல் நெருக்குதலும் வந்த 2025இல் விலைகள் கணிசமாக இறங்கின. அப்போது இறக்க இயன்ற விலையை முன்னரே இறக்க இயன்றிருக்கும் அல்லவா?

பொய்களை அகற்றினோம். இப்போது கேள்விக்கு விடை கூறுவோம். இம்மருந்து யாருக்கு உகந்தது?

முதலாவது, நோய்க்கே மருந்து, கண்ணாடிக்கன்று. உயரத்தின் வர்க்கத்தால் எடையைப் பிரித்துப் பெறும் சுட்டெண் 30 அல்லது அதற்கு மேற்பட்டவர்க்கும், 27 அல்லது அதற்கு மேற்பட்டு இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நோயும் உடையவர்க்குமே அமெரிக்காவில் இது அனுமதிக்கப்பட்டது. அவ்வெண்ணை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம். 1830களில் குவெற்லே என்னும் பெல்ஜியக் கணிதவியலாளர் மக்கட்கூட்டத்தின் சராசரியை அறிய வகுத்த அளவை அது. ஒருவரின் நோயறிய வகுத்ததன்று. ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்னும் தாழ்ந்த எல்லைகளிலேயே எச்சரிக்கை வேண்டுமென 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியது. இடுப்பின் சுற்றளவு, இரத்தச் சீனி, இரத்த அழுத்தம், ஈரல், இருதயம் இவற்றையெல்லாம் சேர்த்தே வைத்தியர் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது, இதனை ஏற்றலாகாதவர் உளர். தமக்கோ குடும்பத்திலோ மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தவர்க்கு இது விலக்கப்பட்டது. கருவுற்றவர்க்கு ஆகாது, கருவுற விரும்புவோர் இரண்டு மாதம் முன்னரே செமக்ளுடைட்டை நிறுத்த வேண்டும். கணைய அழற்சி கண்டவர் வைத்தியரிடம் அதனை மறைக்கலாகாது. இன்சுலினோ சீனியை இறக்கும் சில குளிகைகளோ எடுப்பவர்க்குச் சீனி அளவு மீறி இறங்கலாம். நீரிழிவால் கண் பழுதுற்றவர் கண்ணைப் பரிசோதித்த பின்னரே தொடங்க வேண்டும். குமட்டல், வாந்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல் ஆகியன பலருக்கு நேர்வன. பித்தப்பைக் கல் சிலருக்கு நேர்வது. குறையும் எடையில் கொழுப்பு மட்டுமன்றித் தசையும் அடங்கும். ஆதலால் புரத உணவும் உடலுழைப்பும் இல்லாத முதியவர்க்கு இது வலிமையையும் கொண்டுபோகக்கூடும்.

மூன்றாவது, இது மூன்று மாத வைத்தியமன்று. நிறுத்தினால் எடை திரும்பும் என்பதை முன்னரே கண்டோம். ஆகவே தொடங்குபவர், “தொடர்ந்து வாங்க என்னால் இயலுமா?” எனத் தம்மையே கேட்க வேண்டும். காணியை ஈடுவைத்து ஆறு மாதம் ஏற்றிவிட்டு நிறுத்துவது, மருந்துக்கும் நட்டம், குடும்பத்துக்கும் நட்டம். பிரித்தானியாவின் பொதுச் சுகாதாரசேவையிலேயே 2023இல் எடைக்கென இது பரிந்துரைக்கப்பட்டபோது இரண்டாண்டு எல்லை வகுக்கப்பட்டது.

நான்காவது, வாங்கும் இடம். போலிச் செமக்ளுடைட் பிறேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, 2024 யூனில் உலகச் சுகாதார நிறுவனம் உலகை எச்சரித்தது. குளிரிற் பேண வேண்டிய ஊசியைப் பயணப்பெட்டியிற் கொண்டுவந்து இரகசியமாக விற்பவரிடம் வாங்குவது, காசு கொடுத்து ஆபத்தை வாங்குவதாகும்.

இவையே தனிமனிதருக்கு நாம் கூறக்கூடிய விடை. நோயின் பாரம் பெரிதாய், விலக்கு எதுவுமின்றி, தொடர்ந்து பெறும் வழியும் கவனிக்கும் வைத்தியரும் உள்ளவர், எவருடைய ஏச்சுக்கும் அஞ்சாது இதனை ஏற்கட்டும். ஊரார் கண்ணுக்காக மெலிய நினைப்பவர் ஏற்காதிருக்கட்டும்.

ஆனால் “பெறும் வழி உள்ளவர்” என்று எழுதியவுடனேயே எமது பேனா தயங்குகின்றது. வழி இல்லாதவர் யாது செய்வார்? 2022இன் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவிலேயே ஊசிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அழகுக்காக வாங்கியவர் வாங்க, நீரிழிவு நோயாளர் கடை கடையாக அலைந்தனர். அதே 2022இல் எமது நாட்டு வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு. சந்தையின் நீதி இதுதான்: தேவையுடையவன் பின்னே நிற்பான், பணமுடையவன் முன்னே நிற்பான்.

இதற்கு மாற்று வழியை உலகுக்குக் காட்டியவர் எம் நாட்டவரே என்பதை நாம் மறக்கலாகாது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும், வைத்தியரும் பொதுவுடைமைத் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் வகுத்த கொள்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. நாட்டுக்கு வேண்டிய மருந்து எது, வேண்டாதது எது எனத் தெரிதல். வணிகப் பெயரை விட்டு மருந்தின் பெயராலேயே எழுதுதல். உலகச் சந்தையில் மொத்தமாக, மலிவாக வாங்குதல் என்பன அதன் சாரம். 1977இல் உலகச் சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முதல் வெளியிட்டது. அதே ஆண்டு பிபிலே கயானாவில் காலமானார். 2025 செப்டெம்பரில் அப்பட்டியலிற் செமக்ளுடைட்டும் அதன் இனத்து மருந்துகளும் சேர்க்கப்பட்டன. எவருக்காக? இருதய நோயோ சிறுநீரக நோயோ கூடிய நீரிழிவோடு மிகைப்பருமனும் உடையோருக்காக. பிபிலே கேட்ட கேள்விக்கு உலகம் தந்த விடை அது: முதலில் யாருக்கு மிகத் தேவை?

எனவே எமது கோரிக்கைகள் தெளிவானவை. இந்தியாவிலும் சீனத்திலும் செமக்ளுடைட்டின் காப்புரிமை 2026ஆம் ஆண்டோடு முடிவதால் மலிவான மாற்றுகள் பிறக்கின்றன. அவற்றைத் தரம் பார்த்து அரசு மொத்தமாக வாங்கி, மிகத் தேவையான நீரிழிவு, இருதய நோயாளருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் முதலிற் கொடுக்க வேண்டும். அழகு நிலையங்களும் முகவர்களும் இதனை விற்பதைச் சட்டம் தடுக்க வேண்டும். அதேவேளை, ஊசியைக் காட்டி உணவை மறக்கவும் கூடாது. மென்பானங்களின் சீனியை நிறத்தாற் காட்டும் முறை 2016இலும், சீனி வரி 2017இலும் இங்கு வந்தன. வரி பின்னர் குறைக்கப்பட்டது. அதனைக் குறைக்கச் செய்த கைகள் எவை என்று மக்கள் கேட்க வேண்டும். நோயை விற்று ஒருவன் இலாபமடையவும், மருந்தை விற்று மற்றொருவன் இலாபமடையவும், இடையில் நோயாளியே குற்றவாளியாக நிற்பதை நாம் ஏற்கப்போவதில்லை.

“உமக்கு உகந்ததா?” என்று வணிகர் கேட்கின்றனர். நோயாளி தம் வைத்தியரோடிருந்து அதற்கு விடை காணட்டும். எமக்குரிய கேள்வி வேறு. விடியற்காலையில் கிளினிக் வரிசையில் நிற்கும் அந்தக் கிழவருக்கு உகந்தது என்று வைத்தியர் கூறிய பின்னரும், அவர் கைக்கு அது ஏன் எட்டவில்லை? இக்கேள்விக்கு விடை கூற வேண்டியவர் அவர் அல்லர்.